பள்ளிகளின் தாய் புனித கேத்தரின் டிரெக்ஸல்

எந்தப் பங்கின் விழா மலரைப் புரட்டினாலும் அதில் திறப்பு விழாக்களின் பட்டியல் இருக்கும். கோயில் மந்திரிக்கப்பட்ட ஆண்டு, கோபுரம் எழுந்த ஆண்டு, பள்ளி தொடங்கிய ஆண்டு, அடிக்கல் நாட்டிய ஆயரின் பெயர் என்று வரிசையாக அச்சேறும். கல்வெட்டுகளும் அவ்வாறே. திறந்த நாளைச் சொல்லும் கல்வெட்டு எங்கும் உண்டு. மூடிய நாளைச் சொல்லும் கல்வெட்டை நாம் இதுவரை கண்டதில்லை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், முன்பு நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் பள்ளி ஒன்றை மூடும் பொறுப்பு நம்மீது விழுந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கடன் ஏறிவிட்டது, வேறு வழியில்லை. தாளாளர் என்ற முறையில் கடைசிக் கடிதத்தில் கையொப்பம் இட்டது நம் கைதான். அன்று மாலை ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து, யாரிடமும் ஒரு சொல் பேசாமல், பள்ளி மணியைத் துணியால் துடைத்துவிட்டுப் போனார். அந்தக் காட்சி பல ஆண்டுகளாக நம் மனத்தை விட்டு அகலவில்லை. இத்தனை பேர் உழைத்ததெல்லாம் வீண்தானா என்ற கேள்வி நம்மைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடிய நாள்களில்தான் புனித கேத்தரின் டிரெக்ஸலின் வாழ்க்கை நமக்கு அறிமுகமாயிற்று. பள்ளிகளைக் கட்டியவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் அவர் கட்டிய பள்ளிகளுள் பல இன்று இல்லை என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் வாழ்வின் முழுப் பொருளும் விளங்கும்.

செல்வர் வீட்டுச் செல்வி

அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில், 1858ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கேத்தரின் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் அந்தோணி டிரெக்ஸல், அந்நாட்டின் பெரும் வங்கி முதலாளிகளுள் ஒருவர். குழந்தை பிறந்த ஐந்து வாரங்களில் தாய் ஹானா காலமானார். 1860இல் தந்தை மறுமணம் செய்துகொண்ட எம்மா பூவியே என்ற பெண்மணி, மூத்த தாரத்தின் பிள்ளைகளான எலிசபெத்தையும் கேத்தரினையும் தம் வயிற்றில் பிறந்தவர்களாகவே வளர்த்தார். 1863இல் லூயிஸ் என்ற தங்கை பிறந்தாள். சிற்றன்னை என்ற சொல்லுக்கு நம் ஊர்க் கதைகளில் உள்ள பொருள் வேறு. எம்மா அம்மையார் காட்டிய பொருள் வேறு.

வாரந்தோறும் குறிப்பிட்ட நாள்களில் அந்த மாளிகையின் கதவு ஏழைகளுக்காகத் திறக்கும். உணவும் துணியும் வீட்டு வாடகைப் பணமும் அங்கே வழங்கப்படும். அம்மாவுக்குத் துணையாக நின்று எடுத்துக் கொடுப்பது மூன்று பெண்களின் வேலை. தந்தையோ, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பியதும் தனி அறையில் செபத்தில் ஆழ்ந்துவிடுவார். செல்வம் நமக்குச் சொந்தமன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற பாடத்தைக் கேத்தரின் பள்ளியில் கற்கவில்லை. வீட்டு வாசற்படியில் கற்றார்.

எம்மா அம்மையார் புற்றுநோயால் மூன்று ஆண்டுகள் துன்புற்று 1883இல் இறந்தார். அருகிலிருந்து பணிவிடை செய்த கேத்தரினுக்கு, பணத்தால் வாங்க முடியாதவை எவை என்பது அப்போது தெரிந்தது. 1885 பிப்ரவரியில் தந்தையும் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்து ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர். அதில் பத்தில் ஒரு பங்கை அறநிறுவனங்களுக்கு எழுதி வைத்திருந்தார். மீதி முதல் முழுவதும் அறக்கட்டளையில் இருக்கும். வருமானம் மட்டும் மூன்று மகள்களுக்கும் சமமாய்ச் சேரும். பணத்துக்காகப் பெண் கேட்டு வருவோரிடமிருந்து மகள்களைக் காக்கவே இந்த ஏற்பாடு. மகள்கள் வாரிசின்றி இறந்தால், முதல் முழுவதும் உயிலில் கண்ட அறநிறுவனங்களுக்கே போய்ச் சேரவேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. இந்த விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது பெரும் பொருள் தரப்போகிறது.

திருத்தந்தையின் கேள்வி

அமெரிக்கப் பழங்குடி மக்கள் தங்கள் சொந்த நிலங்களிலிருந்து விரட்டப்பட்டு, ஒதுக்கிடங்களில் அடைபட்டிருந்த காலம் அது. அவர்களிடையே உழைத்த மறைபரப்பாளர்கள் டிரெக்ஸல் சகோதரிகளை நாடி வந்து உதவி கேட்டார்கள். கேத்தரின் மனமுவந்து கொடுத்தார். ஆனால் பள்ளி கட்டப் பணம் இருந்தும் நடத்த ஆளில்லை. 1887 சனவரியில் உரோமையில் பாப்பரசர் 13ஆம் சிங்கராயரைக் கண்டபோது, அந்த மக்களுக்கு மறைபரப்பாளர்களை அனுப்புமாறு இளம்பெண் மன்றாடினார். நீயே ஏன் அப்பணிக்குப் போகக்கூடாது என்று பாப்பரசர் திருப்பிக் கேட்டார். அவருக்கு அப்போது வயது 28. அந்தக் கேள்வி அவரை அழவைத்தது, தூங்கவிடவில்லை.

அதே ஆண்டில் தம் சகோதரிகளுடன் டகோட்டாப் பகுதிக்குப் பயணம் சென்று, சியூ இனத் தலைவர் சிவப்பு மேகம் என்பவரைச் சந்தித்தார். அவருடைய ஆன்ம வழிகாட்டியான ஓமகா ஆயர் ஜேம்ஸ் ஓகானர், வீட்டிலிருந்தபடியே கொடுத்துக்கொண்டிருப்பது போதும் என்றுதான் முதலில் தடுத்தார். கேத்தரின் உறுதியாய் நின்றதைக் கண்டு, புதிய சபை ஒன்றையே தொடங்கும்படி பிறகு அவரே வற்புறுத்தினார். 1889இல் பிட்ஸ்பர்க் நகரில் இரக்கத்தின் சகோதரிகள் மடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். கோடீசுவரியின் துறவு அன்றைய செய்தித்தாள்களில் பரபரப்புச் செய்தியாயிற்று. 1891 பிப்ரவரி 12ஆம் நாள் வார்த்தைப்பாடு கொடுத்து, தேவநற்கருணைச் சகோதரிகள் சபையின் முதல் உறுப்பினரானார். பழங்குடி மக்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் உழைப்பதே அச்சபையின் நோக்கம்.

நற்கருணையின் பெயரை அவர் சபைக்குச் சூட்டியதில் ஆழ்ந்த பொருள் உண்டு. அந்நாளில் அமெரிக்கக் கோயில்கள் பலவற்றில் கறுப்பினத்தார் பின் இருக்கைகளில்தான் அமரவேண்டும்; நற்கருணை வாங்கவும் கடைசியில்தான் வரவேண்டும். ஒரே அப்பத்தை உண்பவர்கள் ஒரே வரிசையில் நிற்கக்கூடாது என்றிருந்த திருச்சபையில், அந்த அப்பத்தின் பெயராலேயே அவர் பணி தொடங்கினார்.

அடிமை நிலத்தில் அறிவாலயம்

விர்ஜீனியா மாநிலத்தில் ஜேம்ஸ் ஆற்றின் கரையில் பெல்மீட் என்றொரு பெரும் பண்ணை உண்டு. உள்நாட்டுப் போருக்கு முன் அடிமைகளின் உழைப்பில் செழித்த நிலம் அது. தங்கை லூயிசும் அவர் கணவர் எட்வர்ட் மாரலும் அந்நிலத்தை வாங்கி, 1895இல் கறுப்பின ஆண்பிள்ளைகளுக்காக வேளாண்மையும் தொழிலும் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினர். அதற்குப் புனித எம்மா பள்ளி என்று பெயர். அதன் அருகிலேயே 1899இல் அன்னை கேத்தரின் பெண்பிள்ளைகளுக்காகப் புனித பிரான்சிஸ் சலேசியார் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார். ஒரு பள்ளி தாயின் பெயரைத் தாங்கியது. மற்றது தந்தையின் பெயரைத் தாங்கியது. சவுக்கடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்ணில் புத்தகம் ஏந்தி நடந்தார்கள். அங்கே பயின்று ஆசிரியைகளாக வெளியேறிய பெண்கள் பல ஊர்களுக்கும் சென்று கற்பித்தார்கள்.

எங்கும் வரவேற்பு இருந்ததாக எண்ணிவிட வேண்டாம். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பள்ளிக்காக ஒரு வீட்டை வாங்கியபோது, அது கறுப்பினப் பெண்களுக்கான பள்ளி என்று தெரிந்ததும் விற்றவரே கொதித்தெழுந்தார். அக்கம்பக்கத்தார் மனுப் போட்டனர். செய்தித்தாளில் விவாதம் நடந்தது. அன்னை யாரையும் இகழாமல், ஆனால் ஓர் அடியும் பின்வாங்காமல், 1905இல் அமல அன்னை பள்ளியைத் திறந்தார். டெக்சாஸ் மாநிலத்தின் போமாண்ட் நகரில் 1922இல் கூ க்ளக்ஸ் கிளான் கும்பல், அன்னையின் சகோதரிகள் பணிபுரிந்த பங்கை மிரட்டிக் கோயில் கதவில் அறிவிப்பு ஒட்டியது. சகோதரிகள் ஊரை விட்டுப் போகவில்லை.

நியூ ஆர்லியன்ஸ் நகரின் கதை தனிச் சிறப்புடையது. அந்நகரின் கல்விக் குழு 1900இல் ஒரு முடிவு எடுத்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் அரசுப் பள்ளி இல்லை என்பதே அந்த முடிவு. இத்தனைக்கும் கத்தோலிக்கக் கறுப்பின மக்கள் பெருந்தொகையினராய் வாழ்ந்த நகர் அது. அங்கிருந்த சதர்ன் பல்கலைக்கழகம் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்ட பின், மகசின் தெருவில் காலியாய்க் கிடந்த அதன் கட்டடத்தை அன்னை வாங்கினார். தம் பெயர் வெளியே தெரிந்தால் விற்கமாட்டார்கள் என்பதால் வேறொருவர் வழியாக வாங்கவேண்டியிருந்தது. 1915இல் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. 1917இல் ஆசிரியர் பயிற்சி, 1925இல் கல்லூரி என்று அது வளர்ந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் சேவியர். ஆம், முத்துக்குளித்துறையின் மணலில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த நம் புனித சவேரியாரின் பெயரேதான்! அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென எழுந்த ஒரே கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பது நமக்கும் பெருமையன்றோ! பின்னாளில் கல்லூரி பெரிய வளாகத்துக்குப் பெயர்ந்தது. உயர்நிலைப் பள்ளி மகசின் தெருவிலேயே தொடர்ந்தது.

கொடுத்தவரின் எளிமை

கோடிகளைக் கொடுத்த அந்தக் கை, பென்சிலைக் கடைசித் துண்டு வரை விட்டதில்லை. தேய்ந்த காலணியைத் தைத்துப் போட்டுக்கொண்டார். நெடும்பயணங்களிலும் இரயிலில் சாதாரண இருக்கையிலேயே இருந்தபடி இரவைக் கழித்தார். வாழ்நாளில் அவர் வழங்கிய தொகை ஏறத்தாழ இரண்டு கோடி டாலர். கறுப்பினத்தாரை மரத்தில் கட்டிக் கொல்லும் கும்பல் கொலைகளுக்கு எதிராகச் சட்டம் வேண்டுமென்று குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதும்படி தம் சகோதரிகளைத் தூண்டினார். பணத்தைக் கொடுத்து அமைதியாகிவிடும் புண்ணியம் அவருடையதன்று.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. புனிதரின் வரலாற்றை எழுதும்போது பூசி மெழுகுவது புனிதருக்கும் பெருமையாகாது. கறுப்பினப் பெண்கள் துறவற அழைத்தல் பெற்றபோது, அவர்களுக்கென ஏற்கெனவே இருந்த சபைகளின் அழைத்தல்களைக் குறைக்கக்கூடாது என்ற காரணத்தால் நீண்ட காலம் தம் சபையில் அவர்களைச் சேர்க்கவில்லை. காரணம் நல்லெண்ணமே ஆயினும், மனத்தில் காயம் பட்டோர் உண்டு. பழங்குடிப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிகள் என்ற அக்கால அமைப்பு முழுவதுமே, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரித்த அமைப்பு. அவ்வமைப்பால் விளைந்த துன்பங்களில் திருச்சபைக்கு இருந்த பங்குக்காக அமெரிக்க ஆயர்கள் 2024 சூன் மாதத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். அன்பினால் செய்த பணியிலும் காலத்தின் குருட்டுத்தனம் கலந்துவிடும் என்பதை நாம் தாழ்மையோடு ஏற்கவேண்டும்.

கைவிட்டுப் போன செல்வம்

1935இல் அன்னைக்கு மாரடைப்பு வந்தது. 1937இல் தலைமைப் பொறுப்பை விட்டிறங்கினார். ஓயாமல் ஊர் ஊராய்ச் சுற்றியவர், பதினெட்டு ஆண்டுகள் மடத்தின் ஓர் அறையில், நற்கருணை நாதர் முன்னிலையில் செபத்தில் கழித்தார். அக்காள் எலிசபெத் 1890லேயே பிரசவத்தில் இறந்திருந்தார். தங்கை லூயிசும் 1943இல் பிள்ளையின்றி இறந்தார். அதற்குப்பின் தந்தையின் அறக்கட்டளை வருமானம் முழுவதும் அன்னை ஒருவருக்கே வந்தது; அவர் வழியாகப் பள்ளிகளுக்குப் போயிற்று.

இங்கேதான் முன்பு நாம் நினைவில் வைக்கச் சொன்ன விதி வருகிறது. தந்தை உயில் எழுதியபோது தேவநற்கருணைச் சகோதரிகள் சபை பிறக்கவே இல்லை. ஆகவே உயிலில் அதன் பெயர் இல்லை. அன்னை கண்ணை மூடும் நாளில் அந்த வருமானமும் நின்றுவிடும். சொத்து முழுவதும் உயிலில் கண்ட வேறு நிறுவனங்களுக்குச் சேரும்; அவருடைய சொந்தச் சபைக்கு ஒரு காசும் சேராது. இது அவருக்குத் தெரியும். தமக்கென ஒரு நிதியைத் திரட்டி ஒதுக்கி வைத்துச் சபையைக் காத்திருக்கலாமே என்று உலகம் கேட்கும். அவரோ வந்ததை வந்த ஆண்டிலேயே பிள்ளைகளுக்காகச் செலவிட்டார். இன்று பசித்திருக்கும் பிள்ளைக்கு உரியதை நாளைய பாதுகாப்புக்காகப் பூட்டி வைக்க அவர் மனம் ஒப்பவில்லை.

1955 மார்ச் 3ஆம் நாள், 96ஆம் வயதில், அன்னை இறைவனடி சேர்ந்தார். அப்போது சபையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரிகள். பள்ளிகள் அறுபதுக்கு மேல். அன்றோடு அந்த ஊற்று வற்றியது.

கதவுகள் மூடின

மூடிய பள்ளிகளுள் ஒன்று நாஷ்வில் அமல அன்னை பள்ளி. அது பணத்தட்டுப்பாட்டால் மூடப்படவில்லை. நிறத்தின் பெயரால் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954 மே 17இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அந்நகரின் மற்றக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகள் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தன. தனிப்பள்ளிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. விலக்கப்பட்டவர்களுக்காகக் கட்டிய வீடு, விலக்கு ஒழிந்தபோது காலியாயிற்று. இதைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா?

ஆயினும் அந்த வெற்றியிலும் கண்ணீர் இருந்தது. தங்கள் சொந்தப் பள்ளியில் தலைநிமிர்ந்து நடந்த பிள்ளைகள், புதிய பள்ளிகளில் ஓரிருவராய் நின்று ஏச்சுப் பேச்சுக் கேட்கவேண்டி வந்தது. ஆற்றங்கரையில் நின்ற புனித பிரான்சிஸ் சலேசியார் பள்ளி 1970இல் மூடப்பட்டது. அருகிலிருந்த புனித எம்மா பள்ளி 1972இல் மூடப்பட்டது. துறவற அழைத்தல்கள் குறைந்தன, செலவு ஏறியது, பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்குச் சென்றனர். சாந்தா பே நகரில் அன்னை பணம் கொடுத்து 1887இல் எழுப்பிய புனித கேத்தரின் பழங்குடிப் பள்ளி, 1998இல் மூடப்பட்டது. இறுதியில் சபையின் தலைமை மடமே விற்கப்பட்டது. அன்னையின் உடல் 2018இல் பிலடெல்பியாவின் இராயப்பர் சின்னப்பர் பேராலயத்துக்குப் பெயர்க்கப்பட்டது.

மகசின் தெருப் பள்ளிக்கும் அந்த நாள் வந்தது. 1970 முதல் பெண்கள் பள்ளியாய் நடந்து, 2005இன் பெரும்புயலையும் தாங்கி நின்ற அப்பள்ளி, 2013 பிப்ரவரியில் ஓர் அறிவிப்பைக் கேட்டது. அந்தக் கல்வியாண்டோடு பள்ளி மூடப்படும் என்று சகோதரிகள் அறிவித்தார்கள். 98 ஆண்டு வரலாறு முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால் அப்பள்ளியில் படித்த பெண்கள் எண்ணவில்லை. பாட்டிகளும் தாய்மாரும் இளம்பெண்களுமாகக் கூடினார்கள். பள்ளியைத் தாங்களே வாங்கினார்கள். அதே ஆண்டில், அதே இடத்தில், பள்ளி மீண்டும் திறந்தது. இந்த முறை அதற்குச் சவேரியார் பெயர் இல்லை. தங்கள் அன்னையின் பெயரையே புனித கேத்தரின் டிரெக்ஸல் பள்ளி என்று சூட்டினார்கள்.

எஞ்சியது எது?

பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர் அன்னையை 1988இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் புனிதராகவும் உயர்த்தினார். அதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட புதுமைகள் இரண்டும் காது கேளாத சிறார் கேட்கும் திறன் பெற்றவையே. ஒருவர் கூப்பிடும் குரல் காதில் விழாத உலகில் அந்தக் குரலைக் கேட்டவர் அவர். புதுமையும் அவருக்கேற்ப அமைந்தது போலும்.

சேவியர் பல்கலைக்கழகம் மூடவில்லை. அரிசோனாவில் நவாகோ மக்களுக்காக 1902இல் தொடங்கிய புனித மிக்கேல் பள்ளியும் மூடவில்லை. சேவியரில் மாணவராய் வந்து 1952இல் பட்டம் பெற்ற நார்மன் பிரான்சிஸ் என்பவர், 1968இல் அதே பல்கலைக்கழகத்தின் தலைவரானார். துறவி அல்லாத முதல் தலைவரும் கறுப்பினத்தவரான முதல் தலைவரும் அவரே. 2015 வரை 47 ஆண்டுகள் அதை நடத்தினார். பிள்ளை வளர்ந்து வீட்டுப் பொறுப்பை ஏற்றதுபோல் இது. கொடுத்தவரின் பணம் நின்றபின், பெற்றவர்களின் கை நீண்டது. ஒரு பள்ளி உண்மையில் வேர்விட்டதா என்று அறிய இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அன்புள்ள பங்கு மக்களே, விழா ஆண்டில் நாம் கட்டடங்களை எண்ணுகிறோம், எண்ணுவதில் தவறில்லை. ஆனால் சுண்ணாம்பும் கல்லும் ஒரு காலம்வரை நிற்கும், பிறகு விழும். மண்ணில் விழும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னது நிறுவனங்களுக்கும் பொருந்தும். எந்தத் தடுப்பு நம் நடுவே இருப்பதால் ஒரு பள்ளி தேவைப்படுகிறதோ, அந்தத் தடுப்பு நீங்கும்வரை அதைக் கண்ணின் மணியாய்க் காப்போம். யாருடைய பிள்ளை இன்னும் பின்வரிசையில் நிற்கிறது என்று பார்த்து அங்கே முதலில் போவோம். நம் கை ஓயும் நாளில் அதை ஏற்று நடத்தும் கைகளை இப்போதே வளர்ப்போம்.

மணியைத் துடைத்துவிட்டுப் போன அந்த ஆசிரியரைச் சில ஆண்டுகளுக்குப்பின் நாம் மீண்டும் கண்டோம். தம் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளி மூடியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும் என்று நாம் விளையாட்டாய்ச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாமும் திண்ணை ஓரத்தில் சற்று நேரம் அமர்ந்து, பிள்ளைகள் கணக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு வந்தோம்.

புனித கேத்தரின் டிரெக்ஸல், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.